சிறு டிராக்டர், சிறு லாரி: மாடல் சேகரிக்கவும் கட்டவும் தொடங்குபவர்களுக்கு

புதிதாக வருபவர்களின் முதல் தவறு பசையிலோ பெயிண்டிலோ நடப்பதில்லை, வாங்கும்போதே நடந்துவிடுகிறது. பிடித்த டிராக்டர் 1/16 அளவில், அதற்கென்று ஒரு கலப்பை 1/32 அளவில், பக்கத்தில் நிறுத்த ஒரு லாரி 1/24 அளவில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் சில மாதங்களில் அலமாரி நிறைந்துவிடும். ஆனால் எதையும் எதனோடும் சேர்த்து நிறுத்த முடியாது. பண்ணை இயந்திரம் தனியாக நிற்கும் பொருள் அல்ல. டிராக்டர் என்றால் பின்னால் கலப்பையோ டிரெய்லரோ வரும். லாரி என்றால் அதன் மேல் சுமை வரும். ஆகவே பணத்தை எடுக்கும் முன் அளவை முடிவு செய்யுங்கள்.

அளவைத் தேர்ந்தெடுப்பது

1/32 என்றால் உண்மை இயந்திரத்தில் 32 மி.மீ. இருப்பது மாடலில் 1 மி.மீ. கணக்கு இவ்வளவுதான். ஆனால் அலமாரியோடு சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும். ஐரோப்பியச் சாலைகளில் ஓடும் செமி-டிரெய்லர் லாரியின், அதாவது டிரெய்லரின் முன்பகுதி லாரியின் மேலேயே உட்காரும் வகையின், வழக்கமான அதிகபட்ச நீளம் 16.5 மீட்டர். 1/24 அளவில் அது 687 மி.மீ., 1/32-இல் 516 மி.மீ., 1/50-இல் 330 மி.மீ., 1/87-இல் 190 மி.மீ. வரும். நான்கு லாரிகளை வரிசையாக நிறுத்த ஆசைப்படுபவர், முதலில் டேப்பை எடுத்து அலமாரியை அளந்து பார்க்கட்டும்.

பண்ணை மாடல்களில் 1/16, 1/32, 1/64 ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் புழங்குகின்றன. அமெரிக்காவில் 1/16 வேரூன்றியதற்கு அயோவா மாநிலத்தின் எர்ட்ல் நிறுவனம் ஒரு பெரிய காரணம். 1945-இல் பிரெட் எர்ட்ல் வீட்டிலேயே மணல் அச்சில் அலுமினியத்தை வார்த்துத் தொடங்கிய தொழில் அது. பின்னர் நிறுவனம் இடம்பெயர்ந்த டையர்ஸ்வில் ஊரில் இன்று பண்ணை பொம்மைகளுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஐரோப்பாவில் 1/32 பரவியது. பிரிட்டனின் பிரிட்டெய்ன்ஸ் நிறுவனம் செய்த பொம்மை மனிதர்களின் உயரம் 54 மி.மீ.; அதை 32-ஆல் பெருக்கினால் 1,728 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு ஆளின் உயரம். அந்த மனிதர்களோடு பொருந்தும் டிராக்டர்களும் அதே அளவில் வந்தன. இன்று சிக்கு, யுனிவர்சல் ஹாபீஸ், விக்கிங் போன்றவையும் 1/32-இல் ஏராளமாகத் தருகின்றன.

லாரி கிட்களின், அதாவது பாகங்களாக வந்து நாமே ஒட்டிக் கட்டும் மாடல்களின், நிலை வேறு. ஐரோப்பிய லாரிகளின் பிளாஸ்டிக் கிட்கள் 1/24-இல் வரும். இத்தாலியின் இத்தாலேரி அதில் முன்னோடி. அமெரிக்க மூக்குநீண்ட லாரிகள், அதாவது பீட்டர்பில்ட், கென்வொர்த் வகையறா, ஏ.எம்.டி. போன்ற நிறுவனங்களிடமிருந்து 1/25-இல் வரும். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். 4 சதவீத வித்தியாசம் தனித்தனியே பார்த்தால் தெரியாதுதான். ஆனால் மேலே சொன்ன நீளத்தில் அதுவே 27 மி.மீ.; 1/24 டிரெய்லரை 1/25 லாரியில் பூட்டினால் உயரமும் அகலமும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எதை எடுப்பது என்று குழம்புபவர்களுக்கு எங்கள் பரிந்துரை: பண்ணை இயந்திரங்களில் மனம் இருந்தால் 1/32, லாரி கட்டும் ஆசை என்றால் 1/24. 1/16 அழகுதான், ஆனால் இடத்தை விழுங்கும். 9 மீட்டர் அகல வெட்டுமுனை கொண்ட அறுவடை இயந்திரத்தின் முன்பக்கம் மட்டும் 1/16-இல் 562 மி.மீ. வரும்.

முதல் மாடல்

கேபின் உள்ள நவீன டிராக்டரை முதல் கிட்டாக எடுக்காதீர்கள். கண்ணாடிப் பாகங்கள்தான் புதியவர்களைத் தோற்கடிப்பவை. பசையின் ஒரு துளி, ஒரு விரல்ரேகை பட்டால் போதும், அந்த மாடல் முழுக்கக் கெட்டதாகத் தெரியும். கூரையில்லாத பழைய டிராக்டர் நல்ல தொடக்கம். 1946 முதல் 1956 வரை தயாரான சாம்பல் நிற பெர்குசன் டி.இ.20 இதற்கு நல்ல உதாரணம்: ஒரே நிறம், திறந்த எஞ்சின், சுமார் 2.9 மீட்டர் நீளம். பிரான்சின் ஹெல்லர் இதை 1/24 கிட்டாக வெளியிட்டிருக்கிறது. கட்டி முடித்தால் ஏறத்தாழ 12 செ.மீ. வரும். இன்றைய டிராக்டர்கள் பின்னால் கலப்பையைத் தூக்கும் மும்முனை இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதையும் இந்த மாடலைக் கட்டும்போதே கற்றுக்கொள்ளலாம். அதைப் பரவலாக்கியது பெர்குசன்தான்.

உலோக வார்ப்பில் தயாராக வரும் டை-காஸ்ட் மாடல்களைச் சேகரிப்பவர்களும் ஒரு கிட்டாவது கட்டிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் எந்தப் பாகம் எதற்கு இருக்கிறது என்று தெரியும். தெரிந்தவர் கடையில் மாடலைக் கையில் எடுத்ததும் முன் ஆக்சில் அசைகிறதா, தூக்கும் கைகள் நிற்கின்றனவா, பின்சக்கர இடைவெளி சரியா என்று பார்ப்பார். தெரியாதவருக்குப் பளபளப்பு மட்டும்தான் கண்ணில் படும்.

கருவிகள்

பாகங்களை வெட்டியெடுக்க நல்ல நிப்பர் ஒன்று, 11-ஆம் எண் பிளேடு போட்ட கத்தி, கூர்முனைச் சாமணம், 400, 600, 1000 எண் உப்புத்தாள்கள், 0.5 முதல் 1 மி.மீ. வரை துளையிடும் கைடிரில், மாஸ்கிங் டேப், டிஜிட்டல் காலிப்பர். ஒரு அடி நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றும் வேண்டும். அதை விடச் சமமான தளம் வீட்டில் கிடைக்காது. காற்றழுத்தத்தில் பெயிண்ட் ஊதும் ஏர்பிரஷ் பிறகு வாங்கிக்கொள்ளலாம். நிப்பரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், மட்டமான நிப்பர் வெட்டுவதில்லை, நசுக்குகிறது.

பசை மூன்று வகை வைத்திருங்கள். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு மெல்லிய கரைப்பான் பசை. இது ஒட்டுவதில்லை, இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்குகிறது. உலோகத்துக்கும் ரெசினுக்கும் சூப்பர் குளூ. கண்ணாடிப் பாகங்களுக்கு வெள்ளை பி.வி.ஏ. பசை. கண்ணாடி அருகே சூப்பர் குளூ போகவே கூடாது. அதன் ஆவி படிந்து வெள்ளைப் புகைபோலப் படலம் கட்டிவிடும்.

கட்டும் வரிசை

1. பாகங்கள் இருக்கும் சட்டங்களை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி உலர்த்துங்கள். அச்சிலிருந்து எளிதில் வரத் தடவிய எண்ணெய்ப் பசை மேலே இருக்கும். அது போகாவிட்டால் பெயிண்ட் மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும்.

2. ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு முறையாக வெட்டுங்கள். முதலில் 2, 3 மி.மீ. தள்ளி, பிறகு நெருக்கி, ஆனால் அரை மி.மீ. மிச்சம் விட்டு. அந்த மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்து எடுங்கள். ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு வெளுக்கும், சில சமயம் குழி விழும். ஒரு சட்டத்தை மொத்தமாக வெட்டிக் குவிக்காதீர்கள், பாக எண் சட்டத்தில்தான் இருக்கிறது.

3. பசை போடுவதற்கு முன் கூட்டிப் பாருங்கள். பொருந்தாத இடத்தைப் பசை சரிசெய்யாது. பொருந்தியதும் இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து, மெல்லிய பசையைத் தூரிகை நுனியால் இணைப்பில் தொடுங்கள். அது தானாகவே உள்ளே ஓடும். அந்த இணைப்பில் உங்கள் விரல் இருந்தால் பசை விரலுக்கடியிலும் ஓடி ரேகையைப் பதித்துவிடும். முழு வலு வர ஒரு நாள் விடுங்கள்.

லாரி கட்டுபவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். லாரியின் உயிர் சேசிஸில் இருக்கிறது. இரண்டு நீளச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த ஏணி அது. அதில் ஒரு மி.மீ. முறுக்கு இருந்தால் ஆறு சக்கரத்தில் ஒன்று தரையைத் தொடாது, கேபின் சாய்ந்து நிற்கும், அதற்குப் பிறகு என்ன செய்தாலும் நேராகாது. ஆகவே கண்ணாடித் துண்டின் மேல் கிராஃப் தாளை ஒட்டி, அதன் மேல் சட்டங்களை வையுங்கள். கெட்டியான, மெதுவாகக் காயும் பசையால் குறுக்குச் சட்டங்களைப் பொருத்துங்கள். முன் இடமூலையிலிருந்து பின் வலமூலை, முன் வலமூலையிலிருந்து பின் இடமூலை என்று இரண்டு மூலைவிட்டங்களையும் காலிப்பரால் அளந்து பாருங்கள்; இரண்டும் சமமாக வரும்வரை நகர்த்துங்கள். அமெரிக்க லாரிகளின் சட்டங்களுக்கு வெளி அகலம் பொதுவாக 34 அங்குலம், அதாவது 864 மி.மீ.; 1/25-இல் 34.5 மி.மீ. அந்த அளவு முன்னும் பின்னும் வருகிறதா என்றும் பாருங்கள். மேலே எடை வைத்து ஒரு இரவு அப்படியே விட்டுவிடுங்கள். ஆக்சில்களை ஒட்டும்போது சக்கரங்களைத் தற்காலிகமாக மாட்டி அதே கண்ணாடியில் நிறுத்தி, எல்லாம் தொட்டபின்தான் பசை.

டயரில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல கிட்களின் மென்மையான வினைல் டயர்களில் அவற்றை நெகிழ்வாக வைக்கும் ஒரு ரசாயனம் உண்டு. அது வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் ரிம்மை உருக்கிவிடும். சில வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் டயரும் ரிம்மும் ஒன்றாகக் குழைந்திருக்கும். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தில் பி.வி.ஏ. பசையை ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டு, அல்லது மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றி, அதன் பிறகு டயரை மாட்டுங்கள். கிட் பெட்டியிலும் டயர்களைத் தனிப் பையில் போட்டு வையுங்கள், கண்ணாடிப் பாகங்களோடு ஒன்றாகக் கிடக்க விடாதீர்கள்.

பெயிண்ட்

முழுதாக ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடிக்க நினைக்காதீர்கள். எஞ்சின், சேசிஸ், சக்கரங்கள், மூடி, கேபின் எனப் பிரித்து நிறம் கொடுத்தபின் இணைக்க வேண்டும். ஒட்ட வேண்டிய பரப்பில் பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள், கரைப்பான் பசை பெயிண்டின் மேல் பிடிக்காது.

பண்ணை இயந்திரங்களின் நிறங்கள் சிவப்பும் மஞ்சளும் அதிகம். இரண்டுமே அடியிலுள்ள நிறத்தை மறைக்கும் சக்தி குறைந்தவை. சாம்பல் நிறப் பிரைமர் (அடிப்பூச்சு) மேல் மஞ்சள் அடித்தால் பச்சை கலந்தது போல் அழுக்காக நிற்கும். மஞ்சளுக்கு அடியில் வெள்ளை பிரைமர், சிவப்புக்கு அடியில் இளஞ்சிவப்பு. பச்சை உடலும் மஞ்சள் ரிம்மும் உள்ள டிராக்டர் என்றால் ரிம்முக்குத் தனியாக முதலில் மஞ்சள் அடித்துவிடுங்கள். மஞ்சளின் மேல் பச்சை எளிதில் மூடும், பச்சையின் மேல் மஞ்சள் மூடாது.

ஏர்பிரஷ் பயன்படுத்தினால் 0.3 மி.மீ. முனை, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், பெயிண்ட் பால் பதம், தூரம் சுமார் 10 செ.மீ. ஸ்பிரே டப்பா என்றால் 20 முதல் 25 செ.மீ. தள்ளி, மாடலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். ஒரே பூச்சில் மூட ஆசைப்பட்டால் வழியும். மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல வந்தால் பெயிண்ட் கெட்டியாக இருக்கிறது, அல்லது தூரத்திலேயே காய்ந்துவிடுகிறது. மழைநாளில் லாக்கர் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெண்மேகம்போல மங்கும். அன்று வேறு வேலை பாருங்கள். லாக்கருக்கு முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம்.

குரோம் பூசிய பாகங்கள் பிடிக்காவிட்டால் வீட்டு பிளீச்சில் ஊறப்போட்டால் பூச்சு கரைந்து வெறும் பிளாஸ்டிக் மிஞ்சும். கையுறை போடுங்கள், பிளீச்சோடு வேறெந்தக் கழுவும் திரவத்தையும் கலக்காதீர்கள்.

எழுத்தும் சின்னமும் அச்சிட்ட, நீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படலமான டெக்கலுக்குப் பளபளப்பான அடிப்பரப்பு வேண்டும். மங்கலான பெயிண்டின் நுண்ணிய மேடுபள்ளங்களில் காற்று சிக்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளி நிறப் படலம் தெரியும். ஆகவே முதலில் கிளாஸ் வார்னிஷ். டெக்கலை 10, 15 விநாடி நீரில் முக்கி எடுத்து, காகிதத்தில் அது நகரத் தொடங்கும்வரை காத்திருந்து, ஈரமான பரப்பில் நகர்த்தி வையுங்கள். ஓரத்து நீரைத் துணி முனையால் உறிஞ்சிவிட்டு, மென்மையாக்கும் திரவத்தை ஒரு முறை தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். டெக்கல் முதலில் சுருங்கும்; பயந்து தொட்டால் கிழியும், விட்டால் தானே படிந்துவிடும்.

வேலை செய்த இயந்திரமாக்குவது

இந்தக் கலையின் சாறு இங்கேதான் இருக்கிறது. ஹைட்ராலிக் குழாயில் தொடங்குங்கள். உண்மைக் குழாயின் வெளிவிட்டம் 20 மி.மீ. என்றால் 1/32-இல் 0.6 மி.மீ. கறுப்பு உறை போட்ட மெல்லிய மின்கம்பி சரியாக இருக்கும். டிராக்டரின் பின்புறம் 0.6 மி.மீ. துளையிட்டு ஒரு முனை, கருவியின் மேல் மறுமுனை. நீளத்தில்தான் பலர் தவறுவார்கள்: கருவி தூக்கிய நிலையிலும் இறக்கிய நிலையிலும், டிராக்டர் திரும்பும்போதும் எட்டும்படி குழாய் தளர்ந்து தொங்க வேண்டும். விறைப்பாக நேர்கோட்டில் நிற்கும் குழாய், உண்மையில் முதல் திருப்பத்திலேயே அறுந்திருக்கும்.

அடுத்து அழுக்கு. அதை அள்ளிப் பூசுவதல்ல வேலை. எந்த வேலை எந்த இடத்தைத் தேய்க்கிறது, எங்கே படிய விடுகிறது என்று யோசித்து வைக்க வேண்டும். கலப்பை ஒன்றைக் கவனியுங்கள். உழுதுகொண்டிருக்கும் கலப்பையின் கொழுவும், மண்ணைப் புரட்டும் வளைந்த பலகையும் மண் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் மின்னும். அங்கே பெயிண்டும் இருக்காது, துருவும் இருக்காது. பலகையின் மேல் ஓரத்தில், மண் எட்டாத ஒரு விரல் அகலத்தில் மட்டும் பழைய பெயிண்ட் தங்கியிருக்கும். பலகையின் பின்பக்கத்தில் ஈர மண் கட்டிகட்டியாக ஒட்டியிருக்கும். சட்டத்தின் மேல்பகுதியில் மெல்லிய தூசி, அவ்வளவுதான். மாடலில் இதைச் செய்ய: பலகையின் முன்பக்கம் எஃகு நிற உலோகப் பெயிண்ட், காய்ந்ததும் மென்துணியால், மண் ஓடும் திசையிலேயே தேய்த்து மெருகு, பின்பக்கத்தில் பழுப்பு நிறப் பொடியும் பி.வி.ஏ. பசையும் சிறிது நீரும் குழைத்த கலவை. முழுக் கலப்பைக்கும் துரு பூசினால் அது கொட்டகையில் கைவிடப்பட்ட கலப்பையாகிவிடும். அதுதான் உங்கள் எண்ணம் என்றால் சரி.

நிழல்கள் தெரிய, எண்ணெய் வண்ணக் கழுவல் செய்யுங்கள். கரும்பழுப்பு எண்ணெய் வண்ணம் ஒரு பங்கு, மணமற்ற தினர் பத்து முதல் இருபது பங்கு. வார்னிஷ் அடித்த அக்ரிலிக் பெயிண்ட் மேல்தான் இதைப் போட வேண்டும். எனாமல் பெயிண்ட் மேல் போட்டால் தினர் அதையும் கரைக்கும். தூரிகை நுனியால் மடிப்புகளில் மட்டும் தொட்டு ஓடவிட்டு, அரைமணி கழித்து மிகுதியைத் துடைத்தெடுங்கள்.

லாரிக்கு அழுக்கின் வரைபடம் வேறு. சக்கரங்களுக்குப் பின்னால் தெறிப்பு. பெட்டி டிரெய்லரின் பின்கதவு பக்கங்களை விட அதிக அழுக்கு, ஏனெனில் ஓடும்போது பின்னால் சுழலும் காற்று தூசியை அங்கே இழுத்து ஒட்டுகிறது. டிரெய்லர் உட்காரும் இணைப்புத் தட்டில் கறுத்த கிரீஸ். டீசல் மூடிக்குக் கீழே ஈரக் கோடு. முன்கண்ணாடியில் வைப்பர் ஓடும் வில்வடிவத்தை மாஸ்கிங் டேப்பில் வெட்டி ஒட்டி, மெல்லிய தூசி நிறம் ஊதி, டேப்பை எடுத்துப் பாருங்கள். லாரி அப்போதுதான் சாலையிலிருந்து வந்து நின்றது போல் இருக்கும்.

பழைய உலோக மாடல்களை வாங்கும்போது

பழைய டை-காஸ்ட் மாடலைப் பார்த்தால் முதலில் வெளிச்சத்தில் சாய்த்து, பெயிண்டுக்கு அடியில் வலைபோல் விரிசலோ உப்பலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது துத்தநாக நோய். வார்ப்பில் ஈயம் போன்ற மாசு கலந்ததால் உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு, வீங்கி, கடைசியில் உதிர்ந்துபோகும். ஈரப்பதம் அதை வேகப்படுத்தும். மருந்து கிடையாது, மேலே வார்னிஷ் அடித்தாலும் நிற்காது. பக்கத்து மாடலுக்குத் தொற்றும் என்ற அச்சம் மட்டும் வேண்டாம், நோய் அந்த வார்ப்பிலேயே பிறந்தது.

சேகரிப்பவர்கள் பேச்சில் கோட் 1, கோட் 2, கோட் 3 என்று வரும். தொழிற்சாலையில் வந்தபடியே இருப்பது கோட் 1; நிறுவனத்தின் ஒப்புதலோடு வேறொருவர் மாற்றியது 2; ஒப்புதலின்றித் தனியார் மாற்றியது 3. புதிதாகப் பெயிண்ட் அடித்த பழைய டிராக்டரை அசல் என்று விற்கிறார்களா என்று அறிய, அடிப்பகுதியின் ரிவெட்டைப் பாருங்கள். ரிவெட் துளைத்து எடுக்கப்பட்டு அங்கே ஸ்க்ரூ இருந்தாலோ, ஆக்சில் முனையில் பெயிண்ட் ஏறியிருந்தாலோ அதைப் பிரித்திருக்கிறார்கள். அப்படிச் சீர்படுத்திய மாடலும் நல்ல மாடல்தான், அசல் விலை கொடுக்கத்தான் கூடாது.

நீங்களே சீர்படுத்தும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. பாலிஸ்டைரீன் அதைத் தாங்கும்; துத்தநாகமும் அலுமினியமும் தாங்காது, வார்ப்பின் நுணுக்கமே அரித்துப்போகும். உலோகத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் பெயிண்ட் நீக்கியை மட்டும் பயன்படுத்துங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, அந்தச் சேற்றைத் துடைத்துத் தனியே அப்புறப்படுத்துங்கள்.

வைத்திருப்பது

நேர் வெயில் சிவப்பை முதலில் கொல்லும். அலமாரி ஜன்னலுக்கு எதிரில் வேண்டாம். தூசியை மென்மையான மேக்கப் பிரஷ்ஷால் தட்டுங்கள், துணி பக்கக் கண்ணாடிகளையும் ஏணிகளையும் பிடித்து இழுத்துவிடும். எடை அதிகமான மாடல்களைச் சேசிஸுக்கு அடியில் சிறு மரக்கட்டை வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் டயர்கள் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகும், பெயிண்ட் அடித்த பலகையோடு ஒட்டியும் போகும். பெட்டிக்குள் வைப்பதாக இருந்தால் ஸ்பாஞ்ச் பெயிண்டைத் தொடாதபடி மாடலை அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது திறந்து பாருங்கள். டயரும் ரிம்மும் தொடும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.